ரிசால்வில் கல்யாண புராஜெக்ட்: 25, 29.97, 50 கலந்த ஃபுட்டேஜுக்கு செட்டிங்ஸ் எப்படி வைப்பது?

மணவறைக் கேமரா – பதிவு 1

டாவின்சி ரிசால்வ் (வீடியோ எடிட்டிங் மென்பொருள்), இலவசப் பதிப்பு, விண்டோஸ். புராஜெக்டில் உள்ளவை:

மிரர்லெஸ் கேமரா இரண்டு. ஒன்று முழுக்க 3840 × 2160, நொடிக்கு 25 ஃபிரேம். இன்னொன்று அதே அளவு, ஆனால் தாலி கட்டும் நேரமும் அட்சதையும் மட்டும் 50 ஃபிரேம்.
ட்ரோன்: 29.97.
உறவினர்கள் அனுப்பிய ஐபோன் கிளிப்கள்: 30 என்று காட்டுகிறது, பாதி நின்றவாக்கில் எடுத்தவை.
மண்டபத்து மிக்ஸரிலிருந்து தனி ரெக்கார்டரில் எடுத்த ஒலி, 48 கிலோஹெர்ட்ஸ் வேவ்.

கொடுக்க வேண்டியவை: இரண்டரை மணி நேர முழுப் படம் (வீட்டு டிவியில் பென்டிரைவில் ஓட வேண்டும்), யூடியூபுக்கு 6 நிமிட ஹைலைட்ஸ், ஒரு நிமிட ரீல்.

டைம்லைனில் (கிளிப்களை வரிசையாக அடுக்கும் இடம்) முதலில் விழுந்தது ட்ரோன் கிளிப். ஃபிரேம் ரேட்டை மாற்றவா என்று வந்த பெட்டியில் 'சேஞ்ச்' அழுத்தியாயிற்று. இப்போது புராஜெக்ட் 29.97. மூன்றில் ஒரு பங்கு வெட்டி முடிந்த நிலையில் 25 ஃபிரேம் கிளிப்கள் எல்லாம் சின்னச் சின்னதாகத் தத்துகின்றன. மாஸ்டர் செட்டிங்ஸில் ஃபிரேம் ரேட் பெட்டி மங்கிக் கிடக்கிறது. ஐபோன் கிளிப்களில் வாயசைவும் குரலும் போகப் போக விலகுகின்றன. நிறமும் வெளுத்துப்போய் இருக்கிறது. எதிலிருந்து சரிசெய்ய ஆரம்பிப்பது?

---

ஐம்பது ஹெர்ட்ஸ் – பதிவு 2

ஃபிரேம் ரேட்டிலிருந்து. மற்ற எல்லாவற்றையும் கடைசி நாள்கூட மாற்றலாம், இது ஒன்றுதான் முடியாது.

பூட்டுக்குக் காரணம் இருக்கிறது. எடிட்டிங் மென்பொருள் வெட்டு விழுந்த இடத்தை நொடியாக அல்ல, ஃபிரேம் எண்ணாகத்தான் நினைவில் வைக்கிறது. 1500ஆவது ஃபிரேமில் ஒரு வெட்டு என்றால், 25இல் அது ஒரு நிமிடம். 30இல் 50 நொடி. பாதி வேலையில் ரேட்டை மாற்ற விட்டால் எல்லா வெட்டும் இடம் பெயரும், கீஃபிரேமும் (அசைவு மாறும் புள்ளிகள்) பாட்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. ரெசல்யூஷனுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1080இல் வெட்டிவிட்டு ரெண்டருக்கு (இறுதி ஃபைலாக எழுதுவதற்கு) முன் 2160 ஆக்கினால் ரிசால்வ் மூலக் கிளிப்பிலிருந்தே மறுபடி எடுத்துக்கொள்ளும்.

உங்கள் நிலைமைக்குப் புது புராஜெக்ட்கூட வேண்டாம். புதிய டைம்லைன் உருவாக்கும் பெட்டியில் 'யூஸ் புராஜெக்ட் செட்டிங்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். மேலே சில டேப்கள் வரும். ஃபார்மேட் டேபில் டைம்லைன் ஃபிரேம் ரேட் 25, அதற்குப் பக்கத்தில் இருக்கும் பிளேபேக் ஃபிரேம் ரேட்டும் 25. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. டைம்லைன் 25, பிளேபேக் 24 என்று நின்றுவிட்டால் திரையில் எல்லாம் மெதுவாக ஓடும், ரெண்டர் செய்த ஃபைல் மட்டும் சரியாக இருக்கும். கோளாறு எங்கே என்று தேடியே ஒரு நாள் போய்விடும்.

பழைய டைம்லைனில் வெட்டியதை இதில் ஒட்டிப் பார்க்கலாம், ஆனால் முதலில் ஒரு நகலில். ஒட்டியபின் மொத்த நீளம் பழையதோடு ஒத்துவருகிறதா பாருங்கள். பிறகு கீழ் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு வெட்டாகப் போங்கள். ஒரு ஃபிரேம் கறுப்பு இடைவெளி, முந்தைய ஷாட்டின் ஒரே ஒரு ஃபிரேம் ஒட்டிக்கொண்டிருப்பது, இவைதான் விழும். ஸ்பீடு மாற்றிய கிளிப்களை நம்ப வேண்டாம், மறுபடி செய்யுங்கள். நீளமே ஒத்துவராவிட்டால் ஒட்டும் யோசனையை விட்டுவிட்டு மறுபடி அடுக்குங்கள். மூன்றில் ஒரு பங்குதானே.

அடுத்த புராஜெக்டிலிருந்து: திறந்ததும் ஷிஃப்ட் + 9, ஃபிரேம் ரேட் வைத்து சேவ், அதற்குப் பிறகே மீடியா. அந்த 'சேஞ்ச்' பெட்டி எப்போது வந்தாலும் 'டோண்ட் சேஞ்ச்'.

---

ரெண்டர் ராத்திரி – பதிவு 3

25 தான் என்று முடிவே கட்டிட்டீங்களே அண்ணே. ஹைலைட்ஸும் ரீலும் பார்க்கப்போறது போன்ல. நிறைய போன் திரை 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கும். 30 ஃபிரேம்னா ஒவ்வொண்ணும் சரியா 2 தடவை காட்டப்படும். 25ஐ 60ல் போட்டா ஒரு ஃபிரேம் 2 தடவை, அடுத்தது 3 தடவைன்னு மாறி மாறி வரும், 5 ஃபிரேமுக்கு 12 தடவை. மெதுவா பேன் பண்ற (கேமராவைப் பக்கவாட்டில திருப்புற) ஷாட்ல அது கண்ணுக்குத் தெரியும். ட்ரோனும் போனும் ஏற்கெனவே 30. அப்புறம் ஏன் 25?

---

ஐம்பது ஹெர்ட்ஸ் – பதிவு 4

தம்பி, கணக்கு சரி. படம் பிடிக்கும் முன் கேட்டிருந்தால், எல்லாக் கேமராவையும் 30இல் வைத்திருக்கலாம் என்று நானே ஒத்துக்கொள்வேன். இங்கே முக்கால்வாசி ஃபுட்டேஜ் 25, 50. அதை 30 டைம்லைனில் போட்டால் ஒவ்வொரு 5 ஃபிரேமுக்கும் ஒன்று இரட்டிக்கும், நொடிக்கு 5 தத்தல், இரண்டரை மணி நேரத்துக்கும். 25இல் போட்டால் தத்தல் ட்ரோனுக்கும் போனுக்கும் மட்டும். அவற்றைச் சமாளிக்க வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். திரை எது என்பதைவிட ஃபுட்டேஜ் எது என்பதுதான் பெரிய கேள்வி.

இன்னொரு தவறான நம்பிக்கையும் இருக்கிறது: 'நம்ம ஊரில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட், அதனால் 30இல் எடுத்தால் டியூப் லைட் துடிக்கும்.' துடிப்பது ஃபிரேம் ரேட்டால் அல்ல, ஷட்டரால் (ஒரு ஃபிரேம் வெளிச்சம் வாங்கும் நேரம்). 50 ஹெர்ட்ஸில் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் முழுச் சுற்றுகளைப் பிடிக்கும், 25 ஆனாலும் 30 ஆனாலும் துடிக்காது. 30இல் வழக்கப்படி 1/60 வைப்பதுதான் வினை. எல்இடி திரை வேறு கதை. அதன் ரிஃப்ரெஷ் வேகம் கரண்டோடு சம்பந்தப்படாதது, ஷட்டரை ஒவ்வொரு படியாக மாற்றிப் பார்த்துத்தான் கோடு மறையும் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

ஐபோனிலும் 25 வைக்கலாம். செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்ட் வீடியோ, அங்கே 'ஷோ பால் ஃபார்மேட்ஸ்' என்று ஒரு சுவிட்ச். அதே பக்கத்தில் 'ஆட்டோ எஃப்பிஎஸ்' இருக்கும். அதை அணைக்கவில்லை என்றால் வெளிச்சம் குறையும்போது தானே ரேட்டைக் குறைத்துக்கொள்ளும்.

---

ஐம்பது ஹெர்ட்ஸ் – பதிவு 5

சொன்ன வழிகள். 25 டைம்லைன் என்று வைத்துக்கொண்டு:

ட்ரோன் 29.97. இதில் ஒலி இல்லை, அதுவே நமக்கு வசதி. மீடியா பூலில் (உள்ளே கொண்டுவந்த கிளிப்கள் இருக்கும் இடம்) எல்லா ட்ரோன் கிளிப்களையும் தேர்ந்து வலது கிளிக், கிளிப் ஆட்ரிபியூட்ஸ், வீடியோ ஃபிரேம் ரேட்டை 25 ஆக்குங்கள். ஒரு ஃபிரேம்கூட விடுபடாது, இரட்டிக்காது. வேகம் மட்டும் 83 சதவீதமாகும். 10 நொடி ஷாட் 12 நொடி. ட்ரோன் ஷாட்டுக்கு அந்த நிதானம் அழகுதான். டைம்லைனில் போடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், போட்ட பிறகு செய்தால் வெட்டிய இடங்கள் நகரும். கார் ஊர்வலம், நடந்து வரும் ஆட்கள் இருந்தால் மட்டும் இது ஒத்துவராது. கால்கள் மிதப்பதுபோல் தெரியும்.

50 ஃபிரேம். சாதாரண வேகத்தில் ஓடவிட்டால் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துக்கொள்ளும், சுத்தமாக இருக்கும். ஸ்லோ மோஷனுக்குச் சரியாக 50 சதவீதம். 40, 45 என்று கண்ணளவில் வைக்காதீர்கள், அங்கே மறுபடி தத்தல் தொடங்கும். 50ஐ 1/100 ஷட்டரில் எடுத்திருந்தால் சாதாரண வேகத்தில் அசைவு கொஞ்சம் வெட்டுவெட்டாகத் தெரியும். அது செட்டிங் கோளாறு அல்ல, மோஷன் பிளர் (அசைவின் மங்கல்) குறைவு.

போன் 30, பேச்சோடு. வேகத்தைத் தொட முடியாது. 6 ஃபிரேமில் ஒன்று போகத்தான் செய்யும். ரீடைம் ப்ராசஸில் மூன்று வழி: நியரஸ்ட் (அருகில் உள்ள ஃபிரேமை எடுப்பது), ஃபிரேம் பிளெண்ட் (இரண்டைக் கலப்பது), ஆப்டிகல் ஃப்ளோ (அசைவைக் கணித்துப் புது ஃபிரேம் உருவாக்குவது). உட்கார்ந்து பேசும் ஷாட்டுக்கு நியரஸ்டே போதும். ஆட்டம், நடை என்றால் ஆப்டிகல் ஃப்ளோவைச் சோதித்துப் பாருங்கள். ஆனால் அட்சதை தூவும் ஷாட்டுக்கு அதைக் கனவிலும் வைக்காதீர்கள். அரிசியும் பூவும் ஒவ்வொன்றாக எங்கே போகிறது என்று மென்பொருளால் தொடர முடியாது, மாப்பிள்ளை முகமே கஞ்சிபோல் குழையும். இதைப் புராஜெக்ட் செட்டிங்கில் எல்லாவற்றுக்கும் பொதுவாக வைக்காமல், அந்தந்தக் கிளிப்புக்கு இன்ஸ்பெக்டரில் 'ரீடைம் அண்ட் ஸ்கேலிங்' பகுதியில் வையுங்கள். பொதுவாக வைத்தால் ரெண்டர் நேரமும் பல மடங்காகும்.

---

ஒலிக்கோடு – பதிவு 6

குரல் விலகும் பிரச்சினைக்கு வருவோம். என்ன மாதிரி விலகுகிறது என்பதை அளந்தாலே காரணம் தெரிந்துவிடும். கிளிப்பின் தொடக்கத்தில் ஒரு கைதட்டல், கடைசியில் ஒன்று, இரண்டிலும் எத்தனை ஃபிரேம் வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடத்திலும் ஒரே அளவு: வெறும் தொடக்கப் பிசகு. நகர்த்தினால் முடிந்தது.

ஒரே சீராகக் கூடுகிறது, மணிக்கு 3.6 நொடி வீதம்: 29.97ஐ 30 என்றோ 23.976ஐ 24 என்றோ எங்கோ எண்ணியிருக்கிறீர்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம், மணிக்கு 3600 நொடி, கணக்கு நேராக வரும். கிளிப் ஆட்ரிபியூட்ஸைப் பாருங்கள்.

மணிக்கு ஓரிரு ஃபிரேம் மட்டும்: ரெக்கார்டரின் கடிகாரமும் கேமராவின் கடிகாரமும் வேறு வேறு. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே மணிக்கு 72 மில்லிநொடி, 25இல் ஏறக்குறைய 2 ஃபிரேம். எந்த செட்டிங்கும் இதைத் தீர்க்காது. நீண்ட ஒலியைச் சடங்குக்குச் சடங்கு வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பொருத்துங்கள். மௌனம் உள்ள இடத்தில் வெட்டுங்கள், நாதஸ்வரத்தின் நடுவில் வேண்டாம்.

ஒரு இடத்தில் கூடி, இன்னொரு இடத்தில் குறைந்து, ஒழுங்கே இல்லாமல்: அது மாறும் ஃபிரேம் ரேட். உங்கள் ஐபோன் கிளிப்கள் இந்த வகை. மீடியாஇன்ஃபோவில் (ஃபைல் விவரம் காட்டும் மென்பொருள்) திறந்தால் ஃபிரேம் ரேட் மோட் என்பதற்கு நேரே 'வேரியபிள்' என்று இருக்கும். போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் வந்தது, திரையைப் பதிவு செய்தது எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை.

தீர்வு, டைம்லைனுக்குள் கொண்டுவருமுன் ஹேண்ட்பிரேக் என்ற மாற்றி மென்பொருளில் நிலையான ரேட்டுக்கு மாற்றுவது. வீடியோ டேபில் ஃபிரேம் ரேட் 30, பக்கத்தில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்'. தரம் ஆர்எஃப் 16 (எண் குறையத் தரம் கூடும்). இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. ஒன்று, டைமென்ஷன்ஸ் டேபில் கிராப்பிங் தானாக நடக்கும்படி இருக்கும். இருட்டான ஓரமுள்ள ஷாட்டில் ஓரத்தை வெட்டிவிடும், 'நன்' ஆக்குங்கள். இரண்டு, 1080 என்று பெயருள்ள ப்ரீசெட்டை (ஆயத்த செட்டிங் தொகுப்பு) எடுத்தால் 4கே (3840 × 2160) கிளிப்பைச் சத்தமில்லாமல் 1080ஆகச் சுருக்கிவிடும். நேரே 25க்கே மாற்றிவிடலாமே என்று தோன்றும், வேண்டாம். எந்த ஃபிரேமை விடுவது என்ற முடிவு டைம்லைனில் உங்கள் கையில் இருக்கட்டும்.

சாம்ப்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்பது) குற்றவாளி இல்லை. 44.1 கிலோஹெர்ட்ஸில் உள்ள பாட்டை 48 டைம்லைனில் போட்டால் ரிசால்வே மாற்றிக்கொள்ளும், விலகாது. 44.1ஐ 48 என்று தவறாகப் படித்தால் பாட்டே சுமார் 9 சதவீதம் வேகமாகி, சுருதியும் ஏறிவிடும். காதிலேயே பிடிபடும்.

---

சாம்பல் அட்டை – பதிவு 7

ஐபோன் வெளுப்பு: 12 மாடலிலிருந்து அந்த போன்களில் எச்டிஆர் (வெளிச்ச வரம்பு கூடிய) வீடியோ எடுக்க முடியும், 10 பிட், எச்எல்ஜி வளைவு, ரெக்.2020 நிறப் பரப்பு. அதை ரெக்.709 (சாதாரண எச்டி டிவியின் நிறத் தரம்) டைம்லைனில் அப்படியே போட்டால் வெளுக்கவோ, முகம் சுட்டெரிக்கவோ செய்யும். கான்ட்ராஸ்டை இழுத்துச் சரிசெய்யப் போகாதீர்கள். வெள்ளை வேட்டி சரியாகும்போது தோல் கெட்டுப்போகும்.

இரண்டு வழி.

புராஜெக்ட் செட்டிங்ஸில் கலர் மேனேஜ்மென்ட், கலர் சயின்ஸ் என்ற இடத்தில் 'டாவின்சி ஒய்ஆர்ஜிபி கலர் மேனேஜ்ட்'. ப்ராசஸிங் மோட் எஸ்டிஆர் (சாதாரண வெளிச்ச வரம்பு). அவுட்புட் ரெக்.709 காமா 2.4. பிறகு மீடியா பூலில் போன் கிளிப்களுக்கு வலது கிளிக் செய்து இன்புட் கலர் ஸ்பேஸ் ரெக்.2100 எச்எல்ஜி. எஸ்-லாக்3இல் (சோனியின் தட்டையான 'லாக்' பதிவு முறை) எடுத்த கேமரா இருந்தால் அதற்கு எஸ்-கேமட்3.சினி / எஸ்-லாக்3. சாதாரண கிளிப்புக்கு ரெக்.709.

இல்லையென்றால் கலர் சயின்ஸைத் தொடாமல், போன் கிளிப்களின் முதல் நோடில் (கலர் பக்கத்தில் ஒரு திருத்தப் படி) 'கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம்' போடுங்கள். உள்ளே ரெக்.2020, காமா ரெக்.2100 எச்எல்ஜி, வெளியே ரெக்.709, காமா 2.4, டோன் மேப்பிங் டாவின்சி. 10 போன் கிளிப்தான் என்றால் இந்த வழியே போதும். பாதி எடிட்டில் கலர் மேனேஜ்மென்ட்டை மாற்றினால் ஏற்கெனவே கிரேடு (நிறத் திருத்தம்) செய்த ஒவ்வொரு ஷாட்டும் வேறு மாதிரி ஆகிவிடும், எச்சரிக்கை.

முதல் வழியில் அடிக்கடி நடக்கும் பிசகு: லாக் கிளிப்பை மேனேஜ்மென்ட் ஏற்கெனவே 709க்குக் கொண்டுவந்திருக்கும், அதன்மேல் பழக்கதோஷத்தில் லட் (ஆயத்த நிற மாற்ற அட்டவணை) ஒன்றையும் போடுவது. இரண்டு முறை மாறி, கறுப்பு அடைத்துப்போய் பட்டுச்சேலை அரக்கு நிறமெல்லாம் ஒரே கட்டியாகத் தெரியும். மேனேஜ்மென்ட் இருந்தால் லட் வேண்டாம்.

ஒலிக்கோடு சொன்ன ஹேண்ட்பிரேக் வழிக்கு ஒரு திருத்தம்: எச்டிஆர் கிளிப்பை 8 பிட் எச்.264 (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) ஆக்கினால் மேடைப் பின்னணித் துணியில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அவற்றை மட்டும் ஷட்டர் என்கோடர் என்ற மென்பொருளில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்ஸ் (எடிட்டிங்குக்கான ஃபார்மேட்) ஆக்குங்கள், 10 பிட் அப்படியே இருக்கும். ஃபைல் பெரிதாகும், வட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

மணவறைக் கேமரா – பதிவு 8

நன்றி. 25இல் புது டைம்லைன் போட்டு ட்ரோனை ஆட்ரிபியூட்ஸில் மாற்றியதும் தத்தல் போய்விட்டது. ஒட்டியதில் 11 இடங்களில் ஒரு ஃபிரேம் கறுப்பு இருந்தது, சரிசெய்தாயிற்று.

இப்போது மூன்று: நின்றவாக்கில் உள்ள கிளிப்கள் சிலவற்றில் தலை வெட்டுப்படுகிறது. 4கே கிளிப்கள் ஓட்டத்தில் திணறுகின்றன. சி டிரைவ் நிரம்பிவிட்டது.

---

ரெண்டர் ராத்திரி – பதிவு 9

தலை வெட்டு: புராஜெக்ட் செட்டிங்ஸ், இமேஜ் ஸ்கேலிங், இன்புட் ஸ்கேலிங். அங்க 'ஸ்கேல் ஃபுல் ஃபிரேம் வித் கிராப்' இருக்கும், அதான் அகலத்தை நிரப்பி மேல கீழ வெட்டுது. 'ஸ்கேல் என்டயர் இமேஜ் டு ஃபிட்' வைங்க. ரெண்டு பக்கமும் கறுப்பு வரும், அதே கிளிப்பைக் கீழ் டிராக்ல பெருசாக்கி பிளர் பண்ணி நிரப்பலாம். நடு 'சென்டர் கிராப் வித் நோ ரீசைசிங்' பக்கம் போயிடாதீங்க, 6000 × 4000 போட்டோ போட்டா மூக்கு மட்டும்தான் தெரியும்.

பெரிதாக்குற விஷயத்துல ஒண்ணு. 1080 டைம்லைன்ல 4கே கிளிப்பை ரெண்டு மடங்கு ஜூம் பண்ணாலும் ரிசால்வ்ல கூர்மை குறையாது, மூலத்துலேர்ந்து எடுத்துக்கும். ஆனா காம்பவுண்ட் கிளிப் (பல கிளிப்பை ஒண்ணாக் கட்டினது) ஆக்கிட்டு அதை ஜூம் பண்ணா 1080தான் கையில இருக்கும், மங்கும்.

ரீலுக்கு: முடிச்ச டைம்லைனை டூப்ளிகேட் பண்ணி, டைம்லைன் செட்டிங்ஸ்ல 'யூஸ் வெர்டிகல் ரெசல்யூஷன்', 1080 × 1920. ஆளைத் தானா தொடர்ந்து ஃபிரேம் பண்ற ஸ்மார்ட் ரீஃபிரேம் காசு கொடுத்து வாங்குற ஸ்டூடியோ பதிப்புல மட்டும்தான். இலவசத்துல ஷாட்டுக்கு ஷாட் கையால நகர்த்தணும். எழுத்தைக் கீழ் ஓரத்துல வைக்காதீங்க, ஆப்போட பட்டன் எல்லாம் அங்கதான் வந்து உட்காரும்.

---

வட்டுக் கிடங்கு – பதிவு 10

சி டிரைவ் நிரம்புவது கேஷால் (மென்பொருள் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் ஃபைல்கள்). மாஸ்டர் செட்டிங்ஸின் கீழே 'வொர்க்கிங் ஃபோல்டர்ஸ்' இருக்கிறது. ப்ராக்ஸி (எடிட்டுக்கான சின்ன நகல்), கேஷ், கேலரி ஸ்டில்ஸ் (சேமித்த ஃபிரேம் படங்கள்) மூன்றுக்கும் தனித்தனி வழி காட்டலாம். கேஷை வேகமான எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள், அதே எஸ்எஸ்டியில் மூலக் கிளிப்களையும் வைத்து அடைக்காதீர்கள். இது இந்தப் புராஜெக்டுக்கு. இனி வரும் புராஜெக்டுகளுக்கு ப்ரிஃபரன்ஸஸ், சிஸ்டம், மீடியா ஸ்டோரேஜ் பட்டியலில் எந்த வட்டு முதலில் இருக்கிறதோ அதுதான் இயல்பிடம். ஏற்கெனவே சேர்ந்த குப்பையை பிளேபேக் மெனுவில் 'டிலீட் ரெண்டர் கேஷ்' மூலம் அழியுங்கள். ஃபோல்டரைத் தேடிப்போய்க் கையால் அழிப்பதைவிட அது பாதுகாப்பு.

கலர் பக்கத்தில் எடுத்த ஸ்டில்கள் கேலரி ஃபோல்டரில்தான் இருக்கின்றன. 'கேஷ்தானே' என்று நினைத்து அதையும் சேர்த்து அழிப்பவர்கள் நிறைய.

4கே திணறலுக்கு ப்ராக்ஸி. அதே மாஸ்டர் செட்டிங்ஸில் ப்ராக்ஸி ரெசல்யூஷன் 'ஹாஃப்', ஃபார்மேட் டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி. 3840இல் பாதி 1920, போதும். மீடியா பூலில் தேர்ந்து 'ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா'. 1080, 25 ஃபிரேமுக்கு நொடிக்கு 36 மெகாபிட் வாக்கில் வரும், அதாவது ஒரு மணி நேரத்துக்கு சுமார் 16 ஜிபி. இரண்டு கேமரா, தலா 5 மணி நேரம் என்றால் 160 ஜிபி. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் பிளேபேக் மெனுவில் 'ப்ரிஃபர் ப்ராக்ஸிஸ்'.

ரெண்டர் செய்யும்போது டெலிவர் பக்கத்தில் அட்வான்ஸ்ட் பகுதியைத் திறந்து 'யூஸ் ப்ராக்ஸி மீடியா' டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள். விழுந்திருந்தால் படம் முழுவதும் ப்ராக்ஸியிலிருந்தே வெளிவரும், 4கே ஹைலைட்ஸ் கண்ணாடி போடாதவர் பார்த்ததுபோல் இருக்கும்.

இன்னொன்று. ரிசால்வில் புராஜெக்ட் என்பது ஃபோல்டரில் கிடக்கும் ஃபைல் அல்ல, அதன் சொந்த டேட்டாபேஸுக்குள் இருக்கிறது. விண்டோஸை அழித்து மறுபடி போட்டால் கிளிப்கள் வேறு வட்டில் பத்திரமாக இருக்கும், எடிட் போயிருக்கும். ஃபைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட் புராஜெக்ட்' செய்து டிஆர்பி ஃபைலாக எடுத்து வையுங்கள். கிளிப்கள் அதில் சேராது, அதனால் சின்னதாகத்தான் இருக்கும். எல்லாம் சேர்ந்து வேண்டுமென்றால் ஆர்கைவ், அது பெரிது. ப்ரிஃபரன்ஸஸ், யூசர், 'புராஜெக்ட் சேவ் அண்ட் லோட்' பகுதியில் லைவ் சேவ், புராஜெக்ட் பேக்கப்ஸ் இரண்டும் ஓடட்டும். பேக்கப் ஃபோல்டரையும் சியிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள்.

---

லினக்ஸ் திண்ணை – பதிவு 11

இதைப் படித்துவிட்டு லினக்ஸில் முயல்பவர்களுக்கு ஒரு குறுக்கீடு. அங்கே இலவச ரிசால்வ் எச்.264, எச்.265 இரண்டையும் திறக்காது, ஏஏசி ஒலியும் வராது. செட்டிங்கைக் குடைந்து பயனில்லை. எல்லாவற்றையும் டிஎன்எக்ஸ்எச்ஆர் + பிசிஎம் (சுருக்காத ஒலி) ஆக மாற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

அந்த வட்டு இடம் இல்லாதவர்களுக்கு கேடென்லைவ் என்ற இலவச எடிட்டர். அதிலும் சட்டம் ஒன்றுதான்: புராஜெக்ட் செட்டிங்ஸில் ப்ரொஃபைலை (அளவு, ஃபிரேம் ரேட் தொகுப்பு) முதலில் தேர்ந்தெடுங்கள். 1080, 25 ஃபிரேம். முதல் கிளிப் ஒத்துவரவில்லை என்றால் அதுவும் ப்ரொஃபைலை மாற்றவா என்று கேட்கும், பதில் அதே 'வேண்டாம்'. மாறும் ஃபிரேம் ரேட் கிளிப்பை அது தானே கண்டுபிடித்து, எடிட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரவா என்று கேட்பது ஒரு நல்ல குணம். அதற்கு மட்டும் 'சரி'.

---

மணவறைக் கேமரா – பதிவு 12

கடைசியாக ரெண்டர். பென்டிரைவுக்கும் யூடியூபுக்கும் என்ன வைப்பது?

---

வட்டுக் கிடங்கு – பதிவு 13

பென்டிரைவில் படத்தைவிட ஃபார்மேட்தான் தகராறு. பல டிவிகள் ஃபேட்32 என்ற பென்டிரைவ் அமைப்பை மட்டுமே நிச்சயமாகப் படிக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நொடிக்கு 8 மெகாபிட் என்றால் 4 ஜிபிக்கு 71 நிமிடம், ஒலியும் அதற்குள் அடங்க வேண்டும். இரண்டரை மணி நேரத்தை மூன்றாகப் பிரியுங்கள்: மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், ரிசப்ஷன். எங்கே பிரிப்பது என்று டிவி முன் உட்காரும் குடும்பத்துக்கும் அதுவே புரியும். எக்ஸ்ஃபேட் போட்டு 9 ஜிபி ஒரே ஃபைலாகக் கொடுத்தால் ஒரு வீட்டில் ஓடும், மாமனார் வீட்டில் ஓடாது.

எச்.264, எம்பி4, 1920 × 1080, ப்ரொஃபைல் ஹை, 25 ஃபிரேம், ஏஏசி ஒலி. எச்.265 ஆக்கினால் பாதி இடம் மிச்சம், ஆனால் பழைய டிவியில் ஒலி மட்டும் வரும், படம் வராது.

---

சாம்பல் அட்டை – பதிவு 14

யூடியூபுக்கு டைம்லைன் ரெசல்யூஷனை 3840 × 2160 ஆக்கி 4கே ஆகவே ஏற்றுங்கள், உங்களிடம் மூலம் இருக்கிறதே. யூடியூப் தன் பரிந்துரையில் 2160, 24 முதல் 30 ஃபிரேமுக்கு நொடிக்கு 35–45 மெகாபிட் கேட்கிறது, 1080க்கு 8. நான் சொல்வது 40. 6 நிமிடத்துக்கு 1.8 ஜிபி வரும். டைட்டில்களை மாற்றிய பிறகு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஃப்யூஷனில் (ரிசால்வின் கிராஃபிக்ஸ் பக்கம்) படத்தின்மேல் கைப்பட வைத்த எழுத்து இடம் மாறியிருக்கலாம்.

டேட்டா லெவல்ஸ் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் எந்த எண் என்பது) ஆட்டோவிலேயே இருக்கட்டும். 16–235, 0–255 குழப்பத்தைத் தீர்க்கிறேன் என்று அதைத் திருப்பினால், இல்லாத குழப்பம் வந்து சேரும்.

மேக்கில் வேலை செய்பவர்களுக்கு: குயிக்டைமில் வெளுத்துத் தெரிந்தால் கிரேடைத் தொடாதீர்கள். அதே ஃபைலை விஎல்சியிலும் ஒரு போனிலும் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் காரணம் மேக் அந்தக் காமா குறியைப் படிக்கும் விதம். அவுட்புட்டை ரெக்.709-ஏ ஆக்கினால் மேக்கில் ஒத்துவரும், மற்ற இடங்களில் கொஞ்சம் கருக்கும். பார்ப்பவர் யார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

---

ரெண்டர் ராத்திரி – பதிவு 15

எல்லாம் சரியா வந்ததும் புராஜெக்ட் செட்டிங்ஸ்ல ப்ரீசெட்ஸ் பக்கம் போய் 'சேவ் அஸ்' பண்ணி வைங்க, 'கல்யாணம் 25' மாதிரி ஒரு பேர்ல. மேல மூணு புள்ளி மெனுவுல 'செட் கரண்ட் செட்டிங்ஸ் அஸ் டிஃபால்ட் ப்ரீசெட்' அழுத்திட்டா அடுத்த புராஜெக்ட் அதுலேயே திறக்கும். ஆனா இந்தப் புராஜெக்ட் இன்னும் உள்ளுக்குள்ள 29.97தான், டைம்லைன் மட்டும்தான் 25. இதுலேர்ந்து ப்ரீசெட் எடுத்தா 29.97தான் போய் உட்காரும். காலி புராஜெக்ட் ஒண்ணு திறந்து 25 வெச்சு அதுலேர்ந்து எடுங்க.

---

ஐம்பது ஹெர்ட்ஸ் – பதிவு 16

இதை நான் சொல்ல விட்டுவிட்டேன், நல்லவேளை. ரீலுக்கு டைம்லைனை டூப்ளிகேட் செய்தால் 25 அப்படியே வரும். ஆனால் இந்தப் புராஜெக்டில் புதிதாக டைம்லைன் திறந்தால் ஒவ்வொரு முறையும் அந்த 'யூஸ் புராஜெக்ட் செட்டிங்ஸ்' டிக்கை எடுத்து 25 வைக்க வேண்டும்.

---

மணவறைக் கேமரா – பதிவு 17

காலி புராஜெக்டிலிருந்து ப்ரீசெட் எடுத்தாயிற்று. ப்ராக்ஸி ஓடிக்கொண்டிருக்கிறது, 38 சதவீதம்.